எங்கள் ஊர் மெம்பரும் அருவி மசோதாவும்

1

என் மகளுக்குக் குழல்வாய்மொழி என்று பெயர் வைத்தேன். குற்றாலத்து அம்மன் பெயர். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, அங்கிருந்த குமாஸ்தா அம்மாள் அந்தப் பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பெயரைப் பார்த்தாள். கடைசியில் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு 'மோளி' என்று எழுதிவிட்டாள். இந்த அமெரிக்க ஊரில் தெருவுக்கு இரண்டு மோளி உண்டு. இப்போது என் மகளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள். நான் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அப்பா கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம் செய்துகொள்கிறாள்.

அந்த மோளி போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக ஒரு குண்டைப் போட்டாள். எங்கள் மாகாணச் சட்டசபையில் பெரிய காரியங்கள் செய்தவர்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம்.

"புத்தகத்துல ஹாபர்ட் மாமா பேரே இல்லப்பா. அவரு சும்மா போயிட்டு வந்த மெம்பருதான்னு டீச்சர் சொல்லுதாங்க."

எனக்கு வந்ததே கோபம்! கையிலிருந்த கரண்டியைத் தொட்டிக்குள் போட்டேன். சும்மா போய்விட்டு வந்த மெம்பரா? உட்கார வைத்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் ரேடியோவில் ஏதோ பாட்டு வந்தது, அவள் எழுந்து போய்விட்டாள். சரி, கேட்கிறவர்களுக்குச் சொல்லுவோம் என்றுதான் தென்காசிப் பக்கத்து வாசகர்களாகிய உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நமக்கும் சுயராஜ்யம் வந்துவிட்டது. இனி உங்கள் வாசலுக்கும் மெம்பர்கள் வரிசை கட்டி வருவார்கள் அல்லவா?

ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாரும் பேசுவது இங்கிலீஷ். ஆனால் அது என் காதுக்குள் போவதற்குள் தென்காசிப் பேச்சாகிவிடுகிறது. அப்படியேதான் எழுதப் போகிறேன்.

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது மரங்களைப் பற்றிப் படிக்க. செங்கோட்டை மலையில் மரக் குத்தகை எடுத்திருந்த என் அப்பா, பையன் படித்துவிட்டு வந்தால் காட்டிலாகாவில் துரை மாதிரி உட்காரலாம் என்று மனக்கோட்டை கட்டி அனுப்பினார். படிப்பு பாதியில் நின்றது. காரணம் பிரிஜிட். அயர்லாந்துக்காரி. இந்த மலையடிவார ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். பைன் மரங்களைப் பார்க்க வந்த நான் அங்கே சாப்பிடப் போய், உப்பும் உறைப்பும் இல்லாத சூப்பைக் குறை சொன்னேன்.

"இம்புட்டு வாய் பேசுதவரு உள்ள வந்து வச்சுக் காட்டும் பாப்போம்" என்றாள்.

உள்ளே போனவன்தான். இன்னும் வெளியே வரவில்லை. அவள் என் மனைவியானாள், நான் சமையற்காரனானேன், அப்பா இரண்டு வருஷம் எனக்குக் கடிதம் போடவில்லை.

அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காலை, கடைக்கு முன்னால் ஒரு நெட்டை மனிதர் பனியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்த ஆள் என்று நினைத்துக் காப்பி வேண்டுமா என்று கேட்டேன். பிரிஜிட் பின்னாலிருந்து, "அவருதான் எங்க சட்டசபை மெம்பர். மூணு வேளையும் நம்ம கடையிலதான் சாப்பிடுதாரு. பனி விழுந்தா அவரே வந்து வாசல்ல கெடக்கத அள்ளிப் போடுவாரு" என்றாள்.

எனக்குக் கை தானாகக் குவிந்துவிட்டது. நம் ஊரில் சட்டசபை மெம்பர் ரயிலில் வந்து இறங்கினால் மாலை என்ன, மேளம் என்ன, குடை பிடிக்க ஒருத்தன் என்ன! இங்கே மெம்பர் மண்வெட்டியோடு நிற்கிறார். நான் கும்பிட்டதைப் பார்த்துவிட்டு அவர் இன்னொரு மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கையைச் சும்மா வச்சுக்கிட்டு நிக்காதலே. அந்த ஓரத்துப் பனியைத் தள்ளு."

அவர்தான் ஹாபர்ட். மாட்டுத் தீவனக் கடைக்காரர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அன்றிலிருந்து எனக்கு அவர் ஹாபர்ட் அண்ணாச்சி. விஸ்வநாதன் என்ற என் பெயர் அவர் வாயில் விசு ஆகிவிட்டது.

இங்கே மாகாணச் சட்டசபை குளிர்காலத்தில்தான் கூடும். அறுவடை முடிந்து, மாட்டைத் தொழுவத்தில் அடைத்துவிட்டு வருகிற குடியானவர்கள்தான் மெம்பர்கள். அண்ணாச்சியும் ஒரு பழைய பெட்டியோடு ரயிலேறித் தலைநகருக்குப் போவார். வாரக் கடைசியில் மூக்கு ஒழுக ஒழுகத் திரும்பி வருவார். வந்ததும் வராததுமாக, "விசு, அந்த மிளகுத் தண்ணியைக் கொண்டா" என்பார். ரசத்தைத்தான் சொல்கிறார். கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிட்டு, அந்த வாரம் சபையில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லுவார்.

3

அவர் அங்கே என்னதான் செய்தார்? நாய்களுக்கு லைசென்ஸ், தீவன மூட்டையில் கலப்படம் கூடாது என்பது போன்ற சில்லறைச் சட்டங்களுக்குக் கை தூக்கினார். சொந்தமாகக் கொண்டுவந்தது ஒரே ஒரு மசோதா. அதையே சபை கூடிய ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு தடவையும் தோற்றார்.

எங்கள் ஊருக்கு மேலே மலையில் ஒரு அருவி இருக்கிறது. நம் குற்றாலத்துப் பேரருவி அளவு இல்லை, சிற்றருவிக்கு அண்ணன் என்று சொல்லலாம். அந்த இடம் பழைய மர மில் முதலாளியின் வாரிசுகளுக்குச் சொந்தம். மின்சாரக் கம்பெனி ஒன்று அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. வாங்கிவிட்டால் தண்ணீரை மேலேயே மறித்துக் குழாயில் இறக்கிவிடுவார்கள். பாறை காய்ந்து கிடக்கும். சர்க்காரே இடத்தை வாங்கி ஜனங்களுக்கு விட வேண்டும் என்பதுதான் அண்ணாச்சியின் மசோதா.

அதை ஒவ்வொரு முறையும் சாகடித்தவர் வரவு செலவுக் கமிட்டியின் தலைவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இரும்புப்பெட்டி. உள்ளே போன காகிதம் வெளியே வராது. அண்ணாச்சி எழுந்து அருவியின் அழகைப் பற்றிப் பேசுவார். வெயில் பட்டால் வெள்ளிச் சரிகை, சாயந்தரம் தங்கச் சரிகை என்று ஜவுளிக்கடைக்காரர் மாதிரி அடுக்குவார். இரும்புப்பெட்டி கொட்டாவி விடுவார். மசோதா கமிட்டியிலேயே படுத்துவிடும்.

யுத்தம் முடிந்தது. கம்பெனிக்காரர்கள் வாரிசுகளை ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷக் கடைசியில் கையெழுத்து. அதற்கு முன்னால் கூடப்போகிற சபைதான் அண்ணாச்சிக்குக் கடைசி வாய்ப்பு.

"இந்தத் தடவை விட்டா அருவி போச்சு விசு. நான் இத்தனை வருஷம் அங்கன போய் உக்காந்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்" என்றார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அன்று வேலை ஓடவில்லை.

4

இந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். சிரிக்காமல் கேளுங்கள்.

நான் வாலிபனாக இருந்தபோது ஒரு சீசனில், சுரண்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அத்தானோடு குற்றாலம் போயிருந்தேன். பேரருவிக்குப் பக்கத்தில் போனால் போலீஸ்காரர் மறித்தார். மதராஸ் சட்டசபை மெம்பர் ஒருவர் குளித்துக்கொண்டிருக்கிறாராம். அவர் குளித்துவிட்டுப் போகிற வரைக்கும் எல்லாரும் தள்ளி நிற்க வேண்டுமாம். அத்தானோ உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏம்வே, எண்ணெ கண்ணுல வடியுது. நான் எங்கன தள்ளி நிக்க?" என்றார் அத்தான்.

"உள்ள மெம்பர் இருக்காரு."

"இருக்கட்டும். வைசிராயே வந்தாலும் எண்ணெ தேச்சவன் குளிச்சுத்தான் ஆகணும்."

சொல்லிக்கொண்டே போலீஸ்காரரின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டார். பிடித்து நிறுத்தலாம் என்றால் வழுக்குகிறது. மெம்பர் தண்ணீருக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தார். அத்தானின் கோலத்தைக் கண்டதும் சிரித்துவிட்டார். "வாரும்வே, வாரும். இங்கன எடம் கெடக்கு" என்று நகர்ந்து கொடுத்தார். பிறகு நாங்கள் எல்லாருமே உள்ளே போனோம்.

நமக்கு அருவிக்குப் போவது என்றால் குளிக்கப் போவது. பார்க்கப் போகிறேன் என்று எவனாவது சொன்னால் அவனுக்கு ஜலதோஷம் என்று அர்த்தம். இந்த நாட்டில் அப்படி இல்லை. இங்கே அருவிக்குக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு போகிறார்கள், எட்ட நின்று போட்டோ எடுக்கிறார்கள், 'ஆகா' என்கிறார்கள், வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இத்தனை வருஷம் இருந்தும் இது எனக்குப் புத்தியில் ஏறவில்லை. நான் மட்டும் கோடையில் தனியாக மலையேறிக் குளித்துவிட்டு வருவேன். மற்றவர்களும் வேறு வேளையில் வந்து குளிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

5

அந்த வருஷம் சபை இழுத்துக்கொண்டே போய் ஜூன் வந்துவிட்டது. அண்ணாச்சி கெஞ்சிக் கூத்தாடி, கமிட்டி நேரில் வந்து அருவியைப் பார்ப்பதற்கு இரும்புப்பெட்டியைச் சம்மதிக்க வைத்தார்.

"விசு, கமிட்டிக்காரங்க நாளைக்கு அருவிக்கு வாராங்க. நீ முன்னாலேயே போயி, வேண்டியதெல்லாம் தயாரா வச்சிரு" என்றார்.

அவர் சொன்னது மடக்கு நாற்காலிகளையும் ரொட்டியையும் எலுமிச்சைச் சாற்றையும். நான் நினைத்ததோ வேறு. ஜூன் மாதம், பெரிய மனிதர்கள் அருவிக்கு வருகிறார்கள் என்றால் என்ன தயார் செய்வது? நல்லெண்ணெய்க்கு இங்கே வழியில்லை. இத்தாலிக்காரர் கடையில் ஆலிவ் எண்ணெய் வாங்கி மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினேன். கடையில் இருந்த துண்டையெல்லாம் மூட்டை கட்டினேன். குளித்தால் பசி காதை அடைக்குமே என்று எலுமிச்சஞ்சோறும் உருளைக்கிழங்குக் காரக்கறியும் எடுத்துக்கொண்டேன். பிரிஜிட் ரொட்டியோடு அண்ணாச்சியின் காரில் வருவதாக ஏற்பாடு.

அவர்கள் வருவதற்குள் நாம் ஒரு குளியல் போட்டுவிடுவோம் என்று நினைத்தேன். ஆசை யாரை விட்டது! துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு கை எண்ணெய் வைத்து, உடம்பெல்லாம் தேய்த்து, பாறை மேல் நின்று தொடையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கார்கள் வந்துவிட்டன. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே!

கறுப்புக் கோட்டுகளில் மெம்பர்கள் இறங்கினார்கள். கூட வந்த இரண்டு அம்மாமார் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள். பிரிஜிட் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணாச்சியின் முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது.

"ஏலே விசு! என்ன கோலம்லே இது? துணியப் போடுலே!"

நான் என்ன செய்ய? "எண்ணெ தேச்சாச்சு அண்ணாச்சி. இனி குளிச்சுத்தான் ஆகணும்" என்று கத்திவிட்டு அருவிக்குள் ஓடிவிட்டேன். தண்ணீர் மண்டையில் விழுந்ததும் வாயிலிருந்து தானாக ஒரு கூச்சல் வந்தது. வராமல் இருக்குமா? உள்ளே நின்றுகொண்டே எனக்கு அழுகை வந்தது. அண்ணாச்சியின் அத்தனை வருஷ உழைப்பையும் ஒரு நொடியில் கெடுத்துவிட்டேனே!

வெளியே வந்தபோது இரும்புப்பெட்டி தண்ணீருக்குப் பக்கத்தில் வந்து நின்றார், பின்னாலேயே அண்ணாச்சி.

"என்னய்யா பண்ணுதான் அந்த ஆளு?" என்று அண்ணாச்சியிடம் கேட்டார்.

"குளிக்கான்."

"அருவியிலயா?"

"அவன் ஊர்ல அப்படித்தானாம்."

"மேலெல்லாம் என்னது மினுங்குது?"

நானே பதில் சொன்னேன். "எண்ணெய் ஐயா. இதைத் தேச்சுக்கிட்டு அருவிக்குள்ள நின்னா உடம்பு வலியெல்லாம் போயிரும்."

இரும்புப்பெட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குக் கழுத்து திரும்பாது என்பது மாகாணம் முழுவதும் தெரியும். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடுதான் திரும்புவார்.

"கழுத்து வலிக்குக் கேக்குமா?"

"உக்காருங்க, பாப்போம்."

மனிதர் கோட்டைக் கழற்றினார், டையைக் கழற்றினார், சட்டையையும் கழற்றினார். அம்மாமாரின் குடைகள் இன்னும் தாழ்ந்தன. உள்ளே இருந்த தோள் கமிட்டி ஆபீஸ் தோள் இல்லை. வாலிபத்தில், அருவிக்குக் கீழே ஓடும் இதே ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டிப்போகிற வேலை பார்த்தவராம். கழுத்தில் டை ஏறிய பிறகு ஆற்றில் கால் வைத்ததே இல்லையாம். எண்ணெய் வைத்து நன்றாகப் பிடித்துவிட்டேன். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். கழுத்தில் தண்ணீர் விழுந்ததும் அவர் போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்! மலையே திரும்பிக் கத்தியது.

வெகு நேரம் அவர் வெளியே வரவில்லை. வந்தபோது பல் கிடுகிடுவென்று அடித்தது. ஆனால் பக்கத்திலிருந்தவரைக் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ரொட்டியைத் தள்ளிவிட்டு என் எலுமிச்சஞ்சோற்றைச் சட்டியோடு இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

"ஹாபர்ட், இத்தனை வருஷமா சரிகை சரிகைன்னு எங்க உசிரை வாங்கினீரே, உள்ள எறங்கிக் குளிக்கலாம்னு ஒரு வார்த்தை சொன்னீரா?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "நானே குளிச்சதில்லையே."

"பின்ன எறங்கும்!"

அருவிக்காக அத்தனை வருஷம் சண்டை போட்ட மனிதர் அன்றுதான் முதல் முறையாக அதில் நனைந்தார். குழந்தை மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எந்நாளும் மறக்க மாட்டேன்.

6

மசோதா கமிட்டியைத் தாண்டியது, சபையையும் தாண்டியது. சேதியைச் சொல்ல அண்ணாச்சி ரயிலை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். தொப்பியை மேஜையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்வதற்கு என்ன வெட்கம்?

அந்தக் கோடையில் ஊரே அருவிக்கு வந்தது. கழுத்துக் கதை பரவிவிட்டதல்லவா? எண்ணெய் காய்ச்சிக் கொடுத்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

ஆனால் நவம்பரில் தேர்தல். கம்பெனிக்காரர்கள் ஊரில் பலருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது கிடைக்காமற் போனதற்கு அண்ணாச்சிதான் காரணம் என்று எதிராளி வீடு வீடாகச் சொன்னார். சுவரெல்லாம் ஒரு படம் ஒட்டினார்கள். அண்ணாச்சி தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார், தலைப்பாகை கட்டிய ஒருத்தன் அவர் மண்டையில் எண்ணெய் ஊற்றுகிறான். நான் ஆயுசில் தலைப்பாகை கட்டியதே இல்லை!

தோற்றுப்போனார். எங்கள் தெருக்காரர்கள் மட்டும் மாற்றிப் போட்டிருந்தாலே ஜெயித்திருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அப்போது ஓட்டு இல்லை. இந்தியர்கள் இந்த நாட்டுப் பிரஜையாகலாம் என்று அந்த வருஷம்தான் சட்டம் மாறியிருந்தது, என் காகிதம் இன்னும் வரவில்லை. மறுநாள் காலை அவர் வழக்கம் போல வந்து இரண்டு முட்டை கேட்டார். பிரிஜிட் அடுப்படியில் அழுதுகொண்டே ரொட்டியைக் கருக்கிவிட்டாள். "தோத்தவனுக்குக் கரிஞ்ச ரொட்டியா?" என்று அவர்தான் அவளைச் சிரிக்க வைத்தார்.

சில மாதம் கழித்துப் பிரஜைப் பரீட்சைக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகஸ்தர், "உங்க வட்டத்துக்குச் சட்டசபையில மெம்பர் யாரு?" என்று கேட்டார். "ஹாபர்ட்" என்றேன்.

"அவருதான் தோத்துட்டாரே!"

"அது எனக்கும் தெரியும் ஐயா. வாயில வேற பேரு வர மாட்டேங்கு."

நல்லவேளை, மனிதர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

7

போன கோடையில் அருவியைச் சர்க்கார் முறைப்படி திறந்து வைத்தது. பேண்டு வாத்தியம், ரிப்பன், மேடை எல்லாம் உண்டு. மேடையில் புது மெம்பர் இருந்தார். பழைய மெம்பரை ஒருத்தரும் கூப்பிடவில்லை. அண்ணாச்சி எங்களோடு கூட்டத்தில், கக்கத்தில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். ரிப்பனை வெட்டியதும் எல்லாரும் உள்ளே போனோம். அருவிக்கு முன்னால் புதுக் கம்பி வேலி. அதில் பெரிய போர்டு.

'இந்த அருவியில் குளிப்பது, கால் நனைப்பது, துணி துவைப்பது சட்டப்படி குற்றம்.'

மூன்றாவது குற்றம் எனக்காகவே எழுதியது. வேறு யார் அங்கே வேட்டி அலசினார்கள்?

அண்ணாச்சி காவற்காரரைக் கூப்பிட்டு, "ஏன்யா, குளிச்சா என்ன?" என்று கேட்டார்.

"அருவி பாக்கதுக்குத்தானே சார்" என்றார் அவர்.

அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். பிறகு கக்கத்துத் துண்டை எடுத்து வேலிக் கம்பியில் தொங்கவிட்டார். பதவியைக் கொடுத்து வாங்கிய தண்ணீரில் அந்த மனிதர் கால் நனைக்கக் கூடாதா?

"விசு, நான் திரும்பவும் நிக்கணும் போலிருக்கே" என்றார்.

எழுபது தாண்டியவர். இந்த இலையுதிர் காலத்துத் தேர்தலில் நிற்கிறார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் கடையைப் பிரிஜிட்டிடம் விட்டுவிட்டு அவரோடு வீடு வீடாகப் போகிறேன். நேற்று மர மில் தெருவில் ஒரு கதவைத் தட்டினோம். கையில் மாவோடு ஒரு அம்மாள் திறந்தாள்.

"போன தடவை ஒமக்கு எதிராத்தான் போட்டேன்" என்றாள் எடுத்த எடுப்பில். "கம்பெனிக்காரன் எம் மாப்பிள்ளைக்கு வேலை தாரேன்னு சொல்லியிருந்தான்."

"இப்ப வேலை இருக்கா அவருக்கு?"

"ரயில்வேல இருக்காரு. அது கெடக்கட்டும். நீரு ஜெயிச்சா அந்த போர்டை எடுப்பீரா?"

"எடுத்துட்டுத்தான் வேற சோலி பாப்பேன்."

"எடுத்தா மட்டும் போதுமா? ஆம்பளைக கூட்டமா நின்னா நாங்க எங்கன போயிக் குளிக்கது? பொம்பளைகளுக்குத் தனிப் பக்கம் வேணும். அதுக்கும் சட்டம் போடும், ஓட்டுப் போடுதேன்."

கதவு சாத்திக்கொண்டது. அண்ணாச்சி படி இறங்கி வந்து நடுத் தெருவில் நின்றார். தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டியாலே விசு? ரெண்டாவது மசோதா கெடச்சாச்சு!"